பிஸினஸ்னா பிஸினஸ்தானா? கிளீவ்லாந்து பிரவுன்ஸ், 1995

"அது அவரு டீம், அவரு காசு. எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போவாரு. பிஸினஸ்னா பிஸினஸ்தான் பாஸ்!"

1995-ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் டீமுக்கு நடந்ததைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒரு புண்ணியவான் இப்படிச் சொல்லி விவாதத்தை முடித்துவைக்கிறார். அதுவும் காமர்ஸ் படிக்கிற கூட்டமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஏதோ ஆடம் ஸ்மித்தே நேரில் வந்து தீர்ப்புச் சொன்ன மாதிரி எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் அந்த சீஸனின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், அந்த வாக்கியத்தில் உணர்ச்சிதான் இல்லை என்று நினைத்தால், கணக்கும் இல்லை என்பது தெரியும்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்கன் ஃபுட்பால் என்பது பெயரில்தான் ஃபுட்பால். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும் முட்டி மோதுவதும்தான் முக்கால்வாசி. என்.எஃப்.எல். என்ற ஒரே ஒரு லீக். 1995-ல் அதில் 30 டீம்கள். ஒரு டீமுக்கு சீஸனில் 16 ஆட்டம், அதில் சொந்த ஊரில் வெறும் 8. வருடத்துக்கு எட்டே நாள்! அந்த எட்டு நாளுக்காக ஒரு ஊர் மீதி வருடம் முழுக்கக் காத்திருக்கும். கிளீவ்லாந்து அப்படிப்பட்ட ஊர். ஈரி ஏரிக்கரையில் இரும்பு ஆலைகளை நம்பி வளர்ந்து, அந்த ஆலைகள் படுத்ததும் கூடவே படுத்த தொழிலாளர் நகரம். அந்த ஊருக்கு மிச்சமிருந்த பெருமை பிரவுன்ஸ். 1946-ல் தொடங்கிய டீம். முதல் கோச் பால் பிரவுன் பெயரையே டீமுக்கு வைத்தார்கள். என்.எஃப்.எல். பட்டம் நான்கு, கடைசிப் பட்டம் 1964-ல்.

ஓனர் ஆர்ட் மொடெல். நியூயார்க் விளம்பரத் துறை ஆள். 1961-ல் ஏறத்தாழ 4 மில்லியன் டாலருக்கு டீமை வாங்கினார். அதிலும் சொந்தக் காசு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கடனும் கூட்டாளிகளும். 1963 ஜனவரியில் முதல் காரியமாக, டீமுக்குப் பெயர் கொடுத்த பால் பிரவுனையே வேலையை விட்டுத் தூக்கினார். (அடுத்த வருடமே பட்டம் ஜெயித்ததால் அந்தப் பாவம் மன்னிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.)

சரி, சீஸனுக்கு வருவோம்.

1994-ல் பிரவுன்ஸ் 11 வெற்றி 5 தோல்வி. ப்ளே ஆஃபில் ஒரு ஆட்டம் ஜெயித்து, அடுத்ததில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸிடம் தோற்றது. கோச் யார் தெரியுமா? பிற்காலத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸோடு ஆறு சூப்பர் பவுல் ஜெயித்த அதே பில் பெலிச்சிக். 1995-க்கு ஊரே கனவோடு உட்கார்ந்திருந்தது. ஆண்ட்ரே ரைசன் என்ற பெரிய ரிசீவரை ஐந்து வருடத்துக்கு 17 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவந்தார்கள். கையெழுத்துப் போட்டதும் கொடுக்க வேண்டிய பெரிய முன்பணத்துக்கு மொடெல் கடன்தான் வாங்கினார். இதை ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு ஆட்டத்தில் மூன்று வெற்றி. பிறகு சறுக்கல். பஃபலோவிடம் தோல்வி, டெட்ராய்ட்டிடம் தோல்வி, அந்த வருடம்தான் பிறந்த ஜாக்ஸன்வில்லிடம் கூடத் தோல்வி. குவார்ட்டர்பேக் வின்னி டெஸ்டவர்டியை உட்காரவைத்துவிட்டு எரிக் ஸையர் என்ற புதுப் பையனை இறக்கினார்கள். அக்டோபர் 29-ல் சின்சினாட்டியை ஓவர்டைமில் ஜெயித்து 4-4. பாதி சீஸன் பாக்கி, எல்லாமே இன்னும் கையில்.

ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பே, அக்டோபர் 27-ல், டீம் கைமாறியிருந்தது. பால்டிமோர் விமான நிலையத்தில், ஆல் லெர்னர் என்ற கோடீஸ்வரரின் சொந்த விமானத்துக்குள் உட்கார்ந்து, டீமை மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோருக்குக் கொண்டுவருவதாக மொடெல் கையெழுத்துப் போட்டுவிட்டார். லெர்னர் பிரவுன்ஸில் சிறு பங்குதாரர். அந்த வாரம் கிளீவ்லாந்தின் பேஸ்பால் டீம் 41 வருடம் கழித்து வேர்ல்டு சீரிஸ் ஆடிக்கொண்டிருந்தது. ஊரே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் பேனா ஓடியது. என்ன டைமிங்!

நவம்பர் முதல் வாரத்தில் செய்தி கசிந்தது. 5-ம் தேதி சொந்த மைதானத்தில் ஹூஸ்டன் ஆயிலர்ஸிடம் 37-10 என்று உதை. (அந்த ஆயிலர்ஸும் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த கேஸ்தான். அதே நவம்பரில் நாஷ்வில்லோடு ஒப்பந்தம் போட்டது.) 6-ம் தேதி பால்டிமோரில் மேடை போட்டு மொடெல் அறிவித்தார். மறுநாள் 7-ம் தேதி கிளீவ்லாந்தில் ஒரு வாக்கெடுப்பு இருந்தது. மொடெல் கேட்டபடி பழைய ஸ்டேடியத்தை 175 மில்லியன் டாலரில் புதுப்பிக்க, சிகரெட் மது மீதான வரியை நீட்டிக்கலாமா என்பது கேள்வி. டீம் போகிறது என்று தெரிந்த பிறகும் 72 சதவீதம் பேர் "சரி" என்று குத்தினார்கள். தன் சிகரெட்டுக்கும் பீருக்கும் தானே வரி போட்டுக்கொண்ட ஊர் அது.

இப்போது "பிஸினஸ்னா பிஸினஸ்" கோஷ்டியின் வாதம். மொடெலுக்கு நஷ்டம், கடன். ஸ்டேடியம் 1931-ல் திறந்த பழைய கட்டடம். ஊர்க்காரர்கள் பேஸ்பாலுக்குப் புது மைதானம் கட்டினார்கள், கூடைப்பந்துக்குப் புது அரங்கம் கட்டினார்கள், இவருக்கு மட்டும் பட்டை நாமம். வேறு என்ன செய்வார் மனிதர்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய ஸ்டேடியத்தை 1970-களில் நகரத்திடமிருந்து 25 வருடக் குத்தகைக்கு எடுத்தது யார்? மொடெல். பேஸ்பால் டீமுக்கு அதில் வீட்டுக்காரராக இருந்தவர் அவர்தான். அவர்கள் ஆடும் நாளிலும் சொகுசு அறைகளின் வருமானம் மொடெல் கம்பெனிக்குத்தான் போனது. புது மைதானத் திட்டத்தில் சேரச் சொல்லிக் கேட்டபோது வேண்டாம் என்றார். 1994-ல் வாடகைக்காரர் காலி செய்துகொண்டு புது வீட்டுக்குப் போனதும் கணக்கு கவிழ்ந்தது. வீட்டுக்காரராக இருந்து சம்பாதித்த காலத்தில் அது "தொழில் திறமை". வாடகைக்காரர் போனதும் "ஊர் என்னைக் கைவிட்டது". இது எந்த ஊர் நியாயம்? லாபம் வந்தபோது ஊருக்குப் பங்கு கொடுத்தாரா? தவறான முதலீட்டின் நஷ்டத்தை முதலாளி சுமப்பதுதானே ஐயா பிஸினஸ்! டீமைப் பார்க்க ஆள் வரவில்லை என்றாலாவது பேசலாம். ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 70 ஆயிரம் பேர் வந்துகொண்டிருந்த டீம் இது.

அடுத்து, "சந்தை முடிவு செய்தது" என்கிறார்கள். எந்தச் சந்தை?

என்.எஃப்.எல்.-லின் டிவி பணம் எல்லா டீமுக்கும் சரிசமமாகப் பிரிக்கப்படுகிறது. அப்படி எல்லோரும் கூட்டாக டிவி உரிமையை விற்பது ஏகபோகத் தடைச் சட்டப்படி குற்றமாகிவிடக் கூடாது என்று 1961-ல் அமெரிக்க காங்கிரஸ் தனிச்சட்டமே போட்டுக் கொடுத்தது. மொடெல் டீம் வாங்கிய அதே வருடம். லீக்கின் டிவி பேரங்களைப் பல பத்தாண்டுகள் முன்னின்று நடத்தியவரும் சாட்சாத் மொடெல்தான். 1994 முதல் வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேறு. புது வீரர்களை வரிசை முறையில் பங்கிட்டுக்கொள்கிறார்கள், கடைசியில் வந்த டீமுக்கு முதல் சான்ஸ். இங்கிலாந்து கால்பந்து மாதிரி தோற்றால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளுவதும் கிடையாது. புதிதாக ஒருவர் டீம் ஆரம்பித்து உள்ளே வர முடியுமா? பழைய ஓனர்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தால்தான் உண்டு. ஓனர்களுக்குள்ளே சுத்தமான கம்யூனிஸம். ஊர்களுக்கு மட்டும் சந்தை!

பால்டிமோர் கதையைப் பார்த்தால் இது பளிச்சென்று புரியும். பால்டிமோரும் ஒரு காலத்தில் அழுத ஊர்தான். 1984 மார்ச் மாதம் ஒரு ராத்திரி, கொட்டும் பனியில் லாரிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு அவர்களுடைய கோல்ட்ஸ் டீம் இண்டியானாபோலிஸுக்கு ஓடிப்போனது. பெயர், நிறம், சரித்திரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு. அதற்குப் பிறகு பால்டிமோர் முறையாக வாசல் வழியாக வந்து, "எங்களுக்கு ஒரு புது டீம் கொடுங்கள்" என்று லீக்கிடம் விண்ணப்பம் போட்டது. 1993-ல் லீக் இரண்டு புது டீம்களை அறிவித்தது. ஒன்று ஷார்லட்டுக்கு, இன்னொன்று ஜாக்ஸன்வில்லுக்கு. பால்டிமோருக்கு அல்வா. வாசல் வழியாகக் கிடைக்காததை அது கொல்லை வழியாக வாங்கியது. வாடகையே இல்லாமல் 30 வருடம் ஆட 200 மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்து மைதானம். பணம் மாநில அரசின் லாட்டரியிலிருந்து.

30 டீம், அதைவிட அதிகமான ஊர்கள். இந்தப் பற்றாக்குறை இயற்கையாக வந்ததல்ல. கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறார்கள். எப்போதும் ஒரு பெரிய ஊர் டீம் இல்லாமல் காத்திருந்தால்தான் மற்ற ஊர்களை மிரட்ட முடியும். 1995-ல் லாஸ் ஏஞ்சலஸ் தன் இரண்டு டீம்களையும் ஒரே வருடத்தில் இழந்தது. அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரம் 2016 வரை டீம் இல்லாமல் கிடந்தது! சந்தை என்ற ஒன்று உண்மையிலேயே இருந்திருந்தால் அது அங்கே ஆறு மாதத்தில் கடை திறந்திருக்காதா?

அறிவிப்புக்குப் பிறகு நடந்ததுதான் அந்த சீஸனின் பெரிய சோகம். மொடெல் அதன் பிறகு கிளீவ்லாந்து ஆட்டங்களுக்கு வரவே இல்லை. விளம்பரதாரர்கள் ஸ்டேடியத்திலிருந்து தங்கள் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். பலகைகள் கறுப்படித்துக் கிடந்தன. வீரர்கள் தங்களுக்குச் சொந்தமில்லாத ஊருக்கு, தங்களுக்குச் சொந்தமாகப்போகாத பெயரில் ஆடினார்கள். நவம்பர் 19-ல் கிரீன் பே பேக்கர்ஸிடம் 31-20 தோல்வி. சொந்த ரசிகர்களே கூச்சல் போட, ரைசன் ஆட்டம் முடிந்ததும் டிவி கேமரா முன்னால் அவர்களைத் திட்டித் தீர்த்தார். அறிவிப்பு வந்தபோது 4-5. அதற்கப்புறம் ஏழு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. மொத்தம் 5-11. அக்டோபரிலேயே டீம் தடுமாறியது உண்மைதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தடுமாறுகிற டீம் எழுந்து நிற்பதும் உண்டு. அதற்கு நாளைக்கும் இந்த ஊரில்தான் இருப்போம் என்ற நினைப்பு வேண்டும்.

அந்த கிரீன் பே ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கிரீன் பே ஒரு லட்சம் பேர் வசிக்கும் சின்ன ஊர். அதன் டீமுக்கு ஓனர் கிடையாது. 1923-லிருந்து ஊர்மக்கள் பங்கு வாங்கி நடத்தும் லாப நோக்கமில்லாத நிறுவனம். பங்குக்கு டிவிடெண்ட் கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. அதனால் யாரும் ஒரு விமானத்தில் உட்கார்ந்து அதை வேறு ஊருக்குத் தூக்க முடியாது. "சின்ன ஊர் தாங்காது, சந்தை விடாது" என்பதற்கெல்லாம் பதில் அன்று கிளீவ்லாந்து மைதானத்திலேயே பச்சை மஞ்சள் சட்டை போட்டு ஆடிக்கொண்டிருந்தது. அப்படியானால் மற்ற ஊர்களும் இப்படிச் செய்யலாமே? முடியாது. இந்த மாதிரி உரிமை முறையை லீக் விதி இப்போது யாருக்கும் அனுமதிப்பதில்லை. பேக்கர்ஸ் மட்டும் பழைய டீம் என்பதால் விதிவிலக்கு. ஏன் தடை என்று யோசித்துப் பாருங்கள்!

டிசம்பர் 17, கிளீவ்லாந்தில் கடைசி ஆட்டம். சின்சினாட்டியை 26-10 என்று ஜெயித்தார்கள். 'டாக் பவுண்ட்' என்று ஒரு பகுதி உண்டு, மலிவு டிக்கெட் பெஞ்சுகள். நாய் முகமூடி மாட்டிக்கொண்டு குரைக்கிற கூட்டம் உட்காரும் இடம். அன்றைக்கு அவர்கள் பெஞ்சுகளைப் பெயர்த்து மைதானத்தில் வீசினார்கள். அந்தப் பக்கம் ஆட முடியாமல் நடுவர்கள் ஆட்டத்தை மறுமுனைக்கு மாற்ற வேண்டி வந்தது. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் நேராக அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கட்டிப்பிடித்து அழுதார்கள். டிசம்பர் 24-ல் வெளியூரில் கடைசி ஆட்டம், ஜாக்ஸன்வில்லிடம் 24-21 தோல்வி. பால்டிமோருக்குக் கொடுக்காமல் லீக் டீம் கொடுத்த அதே ஜாக்ஸன்வில்! அந்தப் புது டீம் அந்த சீஸனில் ஜெயித்ததே நான்கு ஆட்டம், அதில் இரண்டு பிரவுன்ஸ் மீது.

இனி கணக்குப் பாடம். பி.காம். முதல் வருடத்தில் குட்வில், அதாவது நற்பெயர் என்று ஒன்று படிக்கிறோம். கட்டடம், இயந்திரம், கையிருப்பு எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் ஒரு தொழிலுக்கு மேலதிகமாக இருக்கும் மதிப்பு. பிரவுன்ஸின் மதிப்பில் எவ்வளவு மொடெலின் மேஜை நாற்காலி, எவ்வளவு நற்பெயர்? அந்த நற்பெயரை யார் உண்டாக்கியது? ஐம்பது வருடம் ஏரிக் குளிரில் உட்கார்ந்து கத்திய ஜனங்கள். அவர்கள் பெயர் எந்த ஐந்தொகையிலும் வராது. அதனால் அது இல்லை என்று ஆகிவிடுமா?

இதை ரசிகர்களின் அழுகைப் பாட்டு என்று ஒதுக்குபவர்களுக்கு 1996 பிப்ரவரி 9 என்ற தேதி. அன்று லீக் ஓனர்கள் ஓட்டுப் போட்டார்கள். 25 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு, 3 பேர் நடுநிலை. எதிர்த்தவர்கள் பஃபலோவும் பிட்ஸ்பர்க்கும். கிளீவ்லாந்தின் பரம எதிரி பிட்ஸ்பர்க்! எதிரிக்கே ஊரின் அருமை தெரிந்திருக்கிறது. நகரம் குத்தகையை மீறியதாக வழக்குப் போட்டிருந்ததால் ஒரு சமரசம் வந்தது. பிரவுன்ஸ் என்ற பெயர், நிறம், சாதனைப் பட்டியல் எல்லாம் கிளீவ்லாந்திலேயே இருக்கும். மொடெல் வீரர்களையும் ஊழியர்களையும் கூட்டிக்கொண்டு, சுமார் 12 மில்லியன் டாலர் நகரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 1999-ல் கிளீவ்லாந்துக்குப் புது டீம்.

அதாவது, "அவரு டீம்" என்றதில் எது அவருடையது, எது ஊருடையது என்று லீக்கே கோடு போட்டுப் பிரித்துவிட்டது. நற்பெயர் ஊருக்குச் சொந்தம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். இதற்கப்புறமும் "அவரு டீம்" என்பவர்கள் அந்த ஒப்பந்தத்தைப் படித்ததில்லை என்றுதான் அர்த்தம்.

அந்த நற்பெயரின் விலையும் சீக்கிரமே தெரிந்தது. வீரர் ஒருவர்கூட இல்லாத, வெறும் பெயரும் நிறமும் மட்டுமே உள்ள புது பிரவுன்ஸை 1998-ல் 530 மில்லியன் டாலருக்கு லீக் விற்றது. பணம் பழைய ஓனர்களுக்குப் பங்காகப் போனது. மைதானத்தை வழக்கம்போல ஊர் கட்டிக் கொடுத்தது. வாங்கியவர் யார்? ஆல் லெர்னர். ஆமாம், அதே விமானத்தின் சொந்தக்காரர்! சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

மொடெலுக்கும் குறையொன்றுமில்லை. டீம் பால்டிமோர் ரேவன்ஸ் ஆனது. 1996-ல் தேர்ந்தெடுத்த ரே லூயிஸ், 1995-ல் பிரவுன்ஸ் செய்த ஒரு பேரத்தால் கிடைத்த வாய்ப்பில் வந்தவர். கிளீவ்லாந்து விதைத்தது பால்டிமோரில் காய்த்தது. 2001 ஜனவரியில் சூப்பர் பவுல். பிறகு டீமை இரண்டு தவணையாக மொத்தம் 600 மில்லியன் டாலருக்கு விற்றார். 2012-ல் இறந்தார். அவரைப் பிசாசு என்று திட்டுவது கிளீவ்லாந்தில் ஒரு மதம் மாதிரி. ஆனால் அவர் ஒருவரை மட்டும் திட்டினால் கை தூக்கிய மற்ற 24 பேர் தப்பித்துக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் 1980-களில் ரெய்டர்ஸ் டீம் ஊர் மாறியபோது அதை எதிர்த்த ஓனர்களில் மொடெலும் ஒருவர்.

ஓஹியோ மாநிலம் 1996-ல் ஒரு சட்டம் போட்டது. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய மைதானத்தில் ஆடும் டீம், ஊரை விட்டுப் போவதற்கு ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும், உள்ளூர்க்காரர்கள் வாங்க வாய்ப்புத் தர வேண்டும். பெயரே 'மொடெல் சட்டம்'. 2018-ல் கொலம்பஸ் நகரின் கால்பந்து டீம் கிளம்பப் பார்த்தபோது இந்தச் சட்டத்தின்படி வழக்குப் போட்டார்கள், டீம் கடைசியில் அங்கேயே தங்கியது.

அப்புறம் 2024-ல் பிரவுன்ஸின் இப்போதைய ஓனர்களான ஹாஸ்லம் குடும்பம், ஏரிக்கரையை விட்டுவிட்டு புரூக் பார்க் என்ற புறநகரில் கூரை போட்ட புது ஸ்டேடியம் கட்டப்போவதாக அறிவித்தது. நகரம் மொடெல் சட்டத்தைக் கையில் எடுத்தது. 2025-ல் ஓஹியோ சட்டசபை பட்ஜெட்டோடு சேர்த்து, மாநிலத்தை விட்டே போனால்தான் பொருந்தும் என்று அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டது. அதே பட்ஜெட்டில் புது ஸ்டேடியத்துக்கு 600 மில்லியன் டாலர். எந்தக் கணக்கிலிருந்து தெரியுமா? மறந்துபோன வங்கிக் கணக்கு, மாற்றாத காசோலை என்று மக்கள் உரிமை கோராமல் அரசிடம் கிடக்கும் பணத்திலிருந்து.